சிம்பிள் பாஸ்டா, பாஸ்ட் கன்டினியூயஸா? தமிழை வைத்தே பிடித்துக்கொள்ளும் வழி

"ஹி ட்ரவுன்ட்" என்று சொன்னால் ஆள் தண்ணீரில் மூழ்கி இறந்துவிட்டான் என்று அர்த்தம். "ஹி வாஸ் ட்ரவுனிங்" என்றால் மூழ்கிக்கொண்டிருந்தான். யாராவது குதித்துக் கரைக்கு இழுத்து வந்திருக்கலாம். இரண்டும் இறந்தகாலம்தான். முதலாவதில் காரியம் முடிந்துவிட்டது, இரண்டாவதில் பாதியில் இருக்கிறது. சிம்பிள் பாஸ்ட், பாஸ்ட் கன்டினியூயஸ் என்ற இரண்டு வடிவங்களும் இந்த வேறுபாட்டைக் காட்டத்தான் இருக்கின்றன.

இது நமக்குப் புதிதல்ல. 'சாப்பிட்டேன்', 'சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்' என்ற இரண்டையும் பள்ளிக்கூடம் போகாத குழந்தைகூடக் குழப்பாமல் பேசும். அப்புறம் ஆங்கிலத்தில் ஏன் தடுமாறுகிறோம்? எனக்குத் தெரிந்து காரணம் ஒன்றுதான். தமிழில் 'கொண்டிருந்தேன்' செய்கிற வேலைகள் அதிகம்; ஆங்கிலத்தில் 'வாஸ்' போட்டு ஐஎன்ஜி சேர்ப்பது செய்கிற வேலை குறைவு. 'கொண்டிருந்தேன்' வரும் இடத்திலெல்லாம் வாஸ் போட்டால் பல இடத்தில் சரியாக வரும், சில இடத்தில் கண்டிப்பாகத் தப்பாகும். அந்தச் சில இடங்கள் எவை என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஆகவே முதலில் இரண்டு வடிவங்களையும் வேகமாகக் கட்டிப் பார்ப்போம். தமிழோடு ஒத்துப்போகும் இடம், தமிழ் நம்மைத் தவறாகக் கூட்டிப்போகும் இடம் இரண்டிலும் நிதானமாக நிற்போம்.

ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுப் படியுங்கள். 'வெர்' என்று எழுதியிருப்பது 'வாஸ்' உடைய பன்மை. 'வேர்' என்று எழுதியிருப்பது 'எங்கே' என்ற கேள்விச்சொல்.

முதல் படி: சிம்பிள் பாஸ்ட்

பெரும்பாலான வினைகளுக்குக் கடைசியில் ஈடி சேர்த்தால் போதும். வாக் என்பது வாக்ட் ஆகும், ப்ளே என்பது ப்ளேய்ட் ஆகும். எழுவாய் யாராக இருந்தாலும் வடிவம் மாறாது. தமிழில் வந்தேன், வந்தாய், வந்தான், வந்தது என்று ஆளுக்கு ஏற்ப விகுதி மாறும். அங்கே ஐ கேம், யூ கேம், ஹி கேம், இட் கேம், அவ்வளவுதான்.

உச்சரிப்பில் ஒரு விஷயம். ஈடி இருக்கிறதே என்று 'வாக்கெட்', 'ஹெல்ப்பெட்', 'வாஷெட்' என்று நம்மில் பலர் சொல்கிறோம். ஈடி தனி அசையாக ஒலிப்பது, மூல வினை ட் ஓசையில் முடியும்போது மட்டும்தான்: வான்ட் – வான்டட், நீட் – நீடட், வெய்ட் – வெய்டட். மற்ற எல்லாவற்றிலும் ஒரு மெய்யோசை மட்டும் ஒட்டிக்கொள்ளும்: வாக்ட், ஹெல்ப்ட், வாஷ்ட், கால்ட், க்ளீன்ட். இந்த ஒன்றைத் திருத்திக்கொண்டாலே பேச்சு எவ்வளவோ தெளிவாகிவிடும்.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை சில. 'ஸ்டடி' போல ஒய்க்கு முன்னால் மெய்யெழுத்து இருந்தால் ஒய் போய் ஐ வரும், அப்புறம் ஈடி. 'ப்ளே' போல உயிரெழுத்து இருந்தால் ஒய் அப்படியே நிற்கும். 'ஸ்டாப்' போன்ற குட்டிச் சொல்லில் கடைசி எழுத்து இரட்டிக்கும், அதாவது இரண்டு பி. 'விசிட்' என்பதில் அழுத்தம் முதல் அசையில் விழுவதால் இரட்டிப்பு கிடையாது. 'ட்ராவல்' மட்டும் ஊருக்கு ஊர் மாறும்: பிரிட்டனில் இரண்டு எல், அமெரிக்காவில் ஒன்று. நம் ஊர்ப் பாடப்புத்தகங்கள் பிரிட்டிஷ் வழக்கத்தைப் பின்பற்றுவதால் இரண்டு எல் போட்டே பழகலாம்.

ஈடி ஏற்காத வினைகள்தான் பலருக்கும் பயம். அன்றாடப் பேச்சுக்கு நூறு, நூற்றைம்பது தெரிந்தால் தாராளம். அகரவரிசையில் மனப்பாடம் செய்யாதீர்கள், ஓசையை வைத்துக் கூட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ட்ரிங்க் – ட்ரேங்க், ரிங் – ரேங், ஸ்விம் – ஸ்வேம், பிகின் – பிகேன் ஒரு கூட்டம். நோ – நியூ, க்ரோ – க்ரூ, த்ரோ – த்ரூ, ப்ளோ – ப்ளூ இன்னொன்று. பை – பாட், பிரிங் – ப்ராட், திங்க் – தாட், டீச் – டாட், கேட்ச் – காட் மூன்றாவது. கட், புட், ஹிட், ஷட், காஸ்ட், ஹர்ட் ஆகியவை மாறவே மாறாது. 'ரீட்' என்பதன் எழுத்து மாறாது, ஓசை மட்டும் 'ரெட்' ஆகும். வாய்ப்பாடு சொல்வது போல ஒரு கூட்டத்தைச் சத்தமாகச் சொல்லிப் பழகினால் அடுத்த சொல் தானாக நாக்கில் வரும். வா – வந்தேன், செல் – சென்றேன், உண் – உண்டேன், போ – போனேன் என்பதில் எந்த ஒழுங்கும் இல்லாதது போலத்தான் வெளியாளுக்குத் தெரியும். காதால் கேட்டே நமக்கு அது படிந்தது.

இரண்டாம் படி: 'டிட்' வந்தால் வினை மூல வடிவத்துக்குத் திரும்பும்

"ஐ டிட் நாட் வென்ட்" என்ற பிழை எல்லா வகுப்பிலும் கேட்கும். இதைத் திருத்த 'போகவில்லை' என்ற நம் சொல்லைப் பார்த்தால் போதும். 'போனேன்' என்பதை மறுக்கும்போது நாம் 'போனேன் இல்லை' என்று சொல்வதில்லை. 'போக' என்ற, காலமே காட்டாத வடிவத்தை எடுத்து 'இல்லை'யைச் சேர்க்கிறோம். ஆங்கிலமும் அதையேதான் செய்கிறது. காலத்தை 'டிட்' சுமந்துகொள்கிறது. வினை வெறும் 'கோ'வாக நிற்கிறது. ஐ டிட் நாட் கோ. ஷி டிடின்ட் கால். தே டிடின்ட் பே.

கேள்வியிலும் அப்படியே. "டிட் யூ கோ?", "வேர் டிட் யூ கோ?", "வென் டிட் ஹி கால்?" என்று டிட் எழுவாய்க்கு முன்னால் வரும், வினை மூல வடிவத்தில் நிற்கும்.

'ஹூ' கேள்வியில் ஒரு நுணுக்கம். 'யார் வந்தார்கள்?' என்றால் டிட் வேண்டாம்: "ஹூ கேம்?" 'யாரைப் பார்த்தாய்?' என்றால் வேண்டும்: "ஹூ டிட் யூ சீ?" தமிழில் 'யார்' வந்தால் டிட் இல்லை, 'யாரை' வந்தால் டிட் உண்டு என்று நினைவில் வையுங்கள். அப்புறம், வாஸ், வெர் இரண்டும் டிட்டைப் பக்கத்திலேயே சேர்க்காது. "ஐ வாஸ் நாட் அட் ஹோம்", "வெர் யூ அட் ஹோம்?" என்று அவையே மறுப்பையும் கேள்வியையும் பார்த்துக்கொள்ளும்.

மூன்றாம் படி: பாஸ்ட் கன்டினியூயஸ்

ஐ, ஹி, ஷி, இட் நான்குக்கும் வாஸ். யூ, வி, தே மூன்றுக்கும் வெர். அதன் பிறகு ஐஎன்ஜி சேர்த்த வினை. "ஐ வாஸ் குக்கிங்." "தே வெர் வெய்ட்டிங்." மறுப்புக்கு நடுவில் நாட்: "ஷி வாஸ் நாட் லிசனிங்." கேள்விக்கு முன்னால் தள்ளினால் போதும்: "வெர் யூ ஸ்லீப்பிங்?" எழுத்தில், 'மேக்' போன்ற சொற்களின் கடைசி ஈ விழுந்துவிடும், 'டை', 'லை' ஆகியவற்றில் ஐஈ போய் ஒய் வரும். 'ஸ்டடி'யில் எதுவும் மாறாது, ஒய் நிற்க, ஐஎன்ஜி ஒட்டும்.

வாஸை விழுங்கிவிட்டு "ஐ வெய்ட்டிங் தேர்" என்று சொல்வது வேகத்தில் நடக்கும். காலத்தைக் காட்டுவதே வாஸ்தான். அது இல்லாவிட்டால் எப்போது காத்திருந்தீர்கள் என்றே கேட்பவருக்குத் தெரியாது.

நான்காம் படி: ஒரே வாக்கியத்தில் இரண்டும்

இந்தப் பாடத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஒரு சின்ன நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம்: ராத்திரி கரண்ட் போனது, நான் மெழுகுவத்தி ஏற்றினேன்.

"வென் தி பவர் வென்ட், ஐ லிட் எ கேண்டில்." கரண்ட் போனது, அதனால் ஏற்றினேன். ஒன்றன்பின் ஒன்று.

"வென் தி பவர் வென்ட், ஐ வாஸ் லைட்டிங் எ கேண்டில்." கரண்ட் போன நேரத்தில் என் கையில் ஏற்கெனவே தீக்குச்சி இருந்தது. சாமி விளக்குக்குப் பக்கத்திலோ, பிறந்தநாள் கேக்கின் மேலோ ஏற்றிக்கொண்டிருந்தேன். கரண்ட் போனதற்கும் மெழுகுவத்திக்கும் சம்பந்தமே இல்லை.

ஒரே 'வென்', அதே மெழுகுவத்தி. வினையின் வடிவம் மாறியதும் கதையே மாறிவிட்டது. கேள்வியிலும் இதே வேறுபாடுதான். "வாட் டிட் யூ டூ வென் தி பவர் வென்ட்?" என்று கேட்டால், போன பிறகு என்ன செய்தீர்கள் என்று கேட்கிறார். "வாட் வெர் யூ டூயிங் வென் தி பவர் வென்ட்?" என்றால், அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்கிறார். பதிலும் கேள்வி வந்த வடிவத்திலேயே போக வேண்டும்.

கடிகார நேரத்தோடும் இதே கதை. "அட் எய்ட் ஓ கிளாக், வி ஏட்" என்றால் எட்டு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தோம். "அட் எய்ட் ஓ கிளாக், வி வெர் ஈட்டிங்" என்றால் எட்டு மணிக்கு முன்னாலேயே இலை போட்டாயிற்று, எட்டு மணிக்குப் பந்தி நடந்துகொண்டிருந்தது.

இதில் தமிழ் நமக்கு அருமையாகக் கைகொடுக்கும். இந்த இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள்:

பஸ் ஸ்டாண்டுக்குப் போனபோது அவரைப் பார்த்தேன்.
பஸ் ஸ்டாண்டுக்குப் போகும்போது அவரைப் பார்த்தேன்.

முதலாவதில் பஸ் ஸ்டாண்டிலேயே பார்த்தேன், இரண்டாவதில் வழியில் பார்த்தேன். ஆங்கிலத்தில் முதலாவது: "வென் ஐ வென்ட் டு தி பஸ் ஸ்டாண்ட், ஐ சா ஹிம்." இரண்டாவது: "வென் ஐ வாஸ் கோயிங் டு தி பஸ் ஸ்டாண்ட், ஐ சா ஹிம்." '-னபோது', '-ந்தபோது', '-த்தபோது' என்று இறந்தகாலத்தில் வந்தால் பெரும்பாலும் சிம்பிள் பாஸ்ட். '-ம்போது' என்று வந்தால் பெரும்பாலும் வாஸும் ஐஎன்ஜியும். வாஸ் போடலாமா வேண்டாமா என்று யோசிக்கும் நொடியில் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். பல தடவை உங்கள் காதே விடை சொல்லிவிடும்.

'பெரும்பாலும்' என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 'ஊருக்குப் போகும்போதெல்லாம் மாம்பழம் வாங்குவேன்' என்பது பழக்கம், நடுவில் நிற்கிற காரியம் இல்லை. அது "வெனெவர் ஐ வென்ட் ஹோம், ஐ பாட் மேங்கோஸ்" என்று சிம்பிள் பாஸ்டில்தான் வரும். 'சின்னப் பிள்ளையாக இருக்கும்போது' என்பதும் "வென் ஐ வாஸ் எ சைல்ட்" தான். 'பீயிங்' சேர்க்கக் கூடாது.

'வைல்' என்ற சொல்லுக்குப் பின்னால் நீளும் செயல் வந்தால் வாக்கியம் இன்னும் தெளிவாகும்: "வைல் ஐ வாஸ் டிராவலிங் பை பஸ், ஐ லாஸ்ட் மை வாலெட்." இரண்டு செயலும் ஒரே நேரத்தில் நீண்டுகொண்டிருந்தால் இரண்டிலும் ஐஎன்ஜி போடலாம்: "வைல் அம்மா வாஸ் குக்கிங், அப்பா வாஸ் ரீடிங் தி பேப்பர்."

விபத்து நடந்து இன்சூரன்ஸ் விண்ணப்பம் எழுதும்போது இந்த வேறுபாடு பணத்தையே தொடும். "ஐ வாஸ் ஸ்டாண்டிங் அட் தி சிக்னல். எ வேன் கேம் ஃப்ரம் பிஹைண்ட் அண்ட் ஹிட் மை பைக்." நான் நின்றுகொண்டிருந்தேன், வேன் வந்து இடித்தது, யார் அசையாமல் இருந்தார், யார் வந்து மோதினார் என்பது இரண்டே வரியில் தெளிவு. "ஐ ஸ்டாப்ட் அட் தி சிக்னல். எ வேன் ஹிட் மை பைக்" என்று எழுதினால் திடீரென்று பிரேக் போட்டீர்களா என்ற கேள்வி வரும். இலக்கணப் பிழை இதில் இல்லை. நடந்தது முழுதாக வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

ஐந்தாம் படி: தமிழ் தவறாகக் கூட்டிப்போகும் இடங்கள்

முதலாவது, நீண்ட காலம். 'கோயம்புத்தூரில் மூன்று வருஷம் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.' தமிழில் இது இயல்பான வாக்கியம். இதையே நேர்காணலில் "ஐ வாஸ் வொர்க்கிங் இன் கோயம்புத்தூர் ஃபார் த்ரீ இயர்ஸ்" என்று சொல்கிறோம். மூன்று வருஷம் நீளமாக இருக்கிறதே, கன்டினியூயஸ்தானே என்று மனம் சொல்லும். ஆனால் ஆங்கிலம் நீளத்தைப் பார்ப்பதில்லை, முடிந்ததா என்றுதான் பார்க்கிறது. மூன்று வருஷம் ஓடி முடிந்துவிட்டது என்றால் "ஐ வொர்க்ட் இன் கோயம்புத்தூர் ஃபார் த்ரீ இயர்ஸ்" என்று சொல்வதே நேர்த்தி. முப்பது வருஷமானாலும் அப்படியே. 'வாஸ் வொர்க்கிங்' எப்போது வரும்? அதற்குள் வேறொன்று நடக்கும்போது: "ஐ வாஸ் வொர்க்கிங் இன் கோயம்புத்தூர் வென் ஐ காட் திஸ் ஆஃபர்." நேர்காணலுக்குப் போகிறவர்கள் தங்கள் பழைய வேலைகளைப் பற்றிய வாக்கியங்களை எழுதி, ஒவ்வொன்றையும் இந்தக் கண்ணோடு ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

இரண்டாவது, பழக்கம். 'சின்ன வயதில் தினமும் ஆற்றில் குளிப்போம்' என்று தமிழில் எதிர்கால வடிவத்திலேயே பழைய பழக்கத்தைச் சொல்கிறோம். 'குளித்துக்கொண்டிருந்தோம்' என்றும் சொல்வதுண்டு. "வி வெர் பேதிங் இன் தி ரிவர் எவ்ரி டே" என்று மாற்றினால் பிழையாக ஒலிக்கும். "வி பேத்ட் இன் தி ரிவர் எவ்ரி டே" போதும். இப்போது அந்தப் பழக்கம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமானால் "வி யூஸ்ட் டு பேத் இன் தி ரிவர்." நினைவுகளைச் சொல்லும்போது 'யூஸ்ட் டு' போல உதவும் சொல் வேறு இல்லை, தயங்காமல் பயன்படுத்துங்கள்.

மூன்றாவது, நிலையைக் காட்டும் வினைகள். தெரிவது, பிடிப்பது, வேண்டுவது, நம்புவது, சொந்தமாக இருப்பது போன்றவை நடக்கும் செயல்கள் இல்லை, இருக்கும் நிலைகள். அதனால் நோ, லைக், வான்ட், நீட், பிலீவ், ஓன், பிலாங் ஆகியவை ஐஎன்ஜி ஏற்பது மிக அரிது. "ஐ வாஸ் நோயிங் ஹிம்" என்பது "ஐ நியூ ஹிம்" ஆக வேண்டும். 'ஹாவ்' மட்டும் இரண்டு முகம் கொண்டது. வைத்திருப்பது என்ற பொருளில் "ஐ ஹேட் எ பைக்". "ஐ வாஸ் ஹாவிங் எ பைக்" கூடாது. சாப்பிடுவது, குடிப்பது என்ற பொருளில் "ஐ வாஸ் ஹாவிங் லஞ்ச் வென் யூ கால்ட்" முழுச் சரி. 'திங்க்'கும் இப்படியே. கருத்து என்றால் "ஐ தாட் இட் வாஸ் எ குட் ஐடியா." மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது என்றால் "ஐ வாஸ் திங்கிங் அபவுட் யூ."

நான்காவது, 'வந்திருந்தேன்.' இது பாஸ்ட் கன்டினியூயஸ் விவகாரம் இல்லை என்றாலும் சிம்பிள் பாஸ்டின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் சொல்ல வேண்டியிருக்கிறது. 'நேற்று உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன்' என்பதை "ஐ ஹேட் கம் டு யுவர் ஹவுஸ் யெஸ்டர்டே" என்று அப்படியே மாற்றிவிடுகிறோம். ஆங்கிலத்தில் 'ஹேட்' போட, அதற்குப் பிறகு நடந்த இன்னொரு பழைய நிகழ்ச்சி இருக்க வேண்டும். நேற்று வந்தேன் என்ற தகவல் மட்டும் என்றால் "ஐ கேம் டு யுவர் ஹவுஸ் யெஸ்டர்டே." அலுவலக மின்னஞ்சல்களில் "ஐ ஹேட் சென்ட் தி ஃபைல் லாஸ்ட் வீக்" என்று எழுதும் பழக்கமும் இதே வேரிலிருந்து வந்ததுதான். ஹேட்டை எடுத்துவிட்டால் வாக்கியம் உடனே நேராகும்.

இவ்வளவு படித்த பிறகும் ஒரு வாக்கியத்தில் சந்தேகம் தீரவில்லை என்றால் சிம்பிள் பாஸ்டைப் போடுங்கள். அது தவறாகும் வாய்ப்பு மிகக் குறைவு. கன்டினியூயஸ், அது தேவை என்பதற்கு ஒரு காரணம் கேட்கும். அந்தக் காரணத்தை உங்களால் சொல்ல முடியாவிட்டால் அது வேண்டாம்.

ஆறாம் படி: ஒரு நிஜ நிகழ்ச்சியில் பொருத்திப் பார்ப்பது

தனி வாக்கியங்களில் புரிந்த மாதிரி இருக்கும், கதை சொல்ல ஆரம்பித்ததும் கை நழுவும். அதனால் எல்லோருக்கும் ஓரளவு தெரிந்த ஒரு நிகழ்ச்சியை எடுத்து வரி வரியாகப் போவோம். 1912 ஏப்ரல் 14 இரவு, டைட்டானிக் கப்பல்.

முதலில் களம்: "தி ஷிப் வாஸ் செய்லிங் டு நியூயார்க். மோஸ்ட் பேசஞ்சர்ஸ் வெர் ஸ்லீப்பிங் ஆர் கெட்டிங் ரெடி ஃபார் பெட். டூ மென் வெர் கீப்பிங் வாட்ச்." இங்கே எதுவும் நிகழவில்லை. அந்த இரவில் நடந்துகொண்டிருந்ததை மட்டும் காட்டுகிறோம். மூன்று வரியிலும் கன்டினியூயஸ். கடல் அமைதியாக இருந்தது என்பதைச் சேர்த்தால் "தி சீ வாஸ் காம்" என்று வெறும் வாஸ் வரும், ஏனென்றால் அது நிலை.

11.40 மணிக்கு நிகழ்ச்சிகள் தொடங்குகின்றன. காவல் மேடையில் இருந்த ஃபிரெடெரிக் ஃப்ளீட் பனிப்பாறையைப் பார்க்கிறார். "ஃப்ளீட் சா அன் ஐஸ்பெர்க். ஹி ரேங் தி பெல் த்ரீ டைம்ஸ் அண்ட் டெலிஃபோன்ட் தி பிரிட்ஜ். தி ஷிப் டர்ன்ட், பட் இட் ஹிட் தி ஐஸ்பெர்க்." பார்த்தார், மணியடித்தார், போன் செய்தார், திரும்பியது, மோதியது. ஒவ்வொன்றும் முடிந்து அடுத்ததற்கு வழிவிடுகிறது. இதில் ஓரிடத்தில் 'வாஸ் ரிங்கிங்' என்று மாற்றிப் பாருங்கள். ஓட்டம் அங்கேயே தடைபட்டு, அவர் மணியடித்துக்கொண்டிருந்தபோது வேறு என்னவோ நடந்தது போல என்ற எதிர்பார்ப்பு வரும்.

அடுத்து இரண்டும் கலக்கும் இடம். பக்கத்தில் கலிஃபோர்னியன் என்ற கப்பல் பனிக்கு நடுவே நின்றிருந்தது. அதன் ரேடியோ ஆபரேட்டர் கருவியை நிறுத்திவிட்டுப் படுக்கப் போய்விட்டார். "வென் தி டைட்டானிக் கால்ட் ஃபார் ஹெல்ப், ஹி வாஸ் ஸ்லீப்பிங்." ஆகவே அழைப்பு அவர் காதில் விழவில்லை: "ஹி டிட் நாட் ஹியர் தி கால்." தொலைவில் கார்பேத்தியா என்ற இன்னொரு கப்பல். அதன் ஆபரேட்டர் ஹரால்ட் காட்டமும் படுக்கத் தயாராகிக்கொண்டுதான் இருந்தார், ஆனால் கருவியை நிறுத்தவில்லை. "ஹி வாஸ் கெட்டிங் ரெடி ஃபார் பெட் வென் ஹி ஹேர்ட் தி கால்." ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார், இன்னொருவர் படுக்கத் தயாராகிக்கொண்டிருந்தார். எழுநூற்றுக்கும் மேற்பட்டவர்கள் உயிரோடு மீட்கப்பட்டது அந்த இரண்டாவது வாக்கியத்தால்தான்.

பிறகு மீண்டும் சிம்பிள் பாஸ்டில் முடிக்கலாம். "தி டைட்டானிக் சேங்க் அட் டூ ட்வென்ட்டி இன் தி மார்னிங். தி கார்பேத்தியா அரைவ்ட் அட் அபவுட் ஃபோர்." கப்பல் மூழ்கி முடிந்ததால் 'சேங்க்'. "பீப்பிள் க்ளைம்ப்ட் இன்டு லைஃப்போட்ஸ் வைல் தி ஷிப் வாஸ் சிங்கிங்" என்று சொல்லும்போது அது இன்னும் மூழ்கி முடியவில்லை.

உங்களுக்குத் தெரிந்த வேறொரு நிகழ்ச்சியை இதே மாதிரி பிரித்துப் பாருங்கள். ஊரில் புயல் அடித்த இரவு, ஒரு கல்யாண வீட்டுக் குழப்பம், கடைசி ஓவரில் ஜெயித்த மேட்ச், எதுவானாலும் சரி. முதலில் களத்தைக் காட்டும் இரண்டு மூன்று வரி கன்டினியூயஸில். அப்புறம் 'வென்' அல்லது 'சடன்லி' போட்டு முதல் நிகழ்ச்சி. அதற்கப்புறம் சிம்பிள் பாஸ்ட் வரிசையாக. வினைகளின் கீழ் மட்டும் கோடு போட்டு எண்ணிப் பாருங்கள். ஒரு நல்ல கதையில் சிம்பிள் பாஸ்டே கூடுதலாக இருக்கும். கன்டினியூயஸ் அதிகமாகிவிட்டால் கதை நகராமல் நிற்கும்.

ஏழாம் படி: பாஸ்ட் கன்டினியூயஸின் சில தனி வேலைகள்

பணிவாகக் கேட்க: "ஐ வாஸ் வொன்டரிங் இஃப் யூ குட் ஹெல்ப் மி." காலம் இறந்தகாலம், ஆனால் கேட்பது இப்போதுதான். மேலதிகாரிக்கு மின்னஞ்சல் எழுதும்போது மிகவும் உதவும்.

எரிச்சலைக் காட்ட: "ஹி வாஸ் ஆல்வேஸ் பாரோயிங் மணி." எப்போது பார்த்தாலும் கடன் கேட்டுக்கொண்டே இருந்தான். நம் 'கொண்டே'யில் இருக்கும் அந்த ஏகாரத்தின் அழுத்தத்தை ஆங்கிலத்தில் 'ஆல்வேஸ்' தருகிறது.

நினைத்து நடக்காமல் போனதைச் சொல்ல: "ஐ வாஸ் கோயிங் டு கால் யூ, பட் மை ஃபோன் டைட்." கூப்பிடலாம் என்றுதான் இருந்தேன், போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

கண் இமைக்கும் நேரத்தில் முடியும் செயலில் ஐஎன்ஜி சேர்த்தால் திரும்பத் திரும்ப நடந்தது என்று பொருள். "சம்ஒன் நாக்ட்" என்றால் தட்டினார்கள். "சம்ஒன் வாஸ் நாக்கிங்" என்றால் விடாமல் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

பயிற்சி

இவற்றை ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்துவிட்டு, அப்புறம் கீழே விடையைப் பாருங்கள்.

1. நீ போன் பண்ணியபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன்.
2. தாத்தா நாற்பது வருஷம் ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.
3. மழை பெய்ததும் நாங்கள் கடைக்குள் ஓடினோம்.
4. அப்போது எனக்கு ஆங்கிலம் தெரியாது.
5. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது டயர் பஞ்சரானது.
6. நேற்று ராத்திரி அந்தப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தேன், முடிக்கவில்லை.

முதலாவது: "ஐ வாஸ் டேக்கிங் எ பாத் வென் யூ கால்ட்." இரண்டாவது, முடிந்துபோன நீண்ட காலம்: "தாத்தா வொர்க்ட் இன் தி ரயில்வேஸ் ஃபார் ஃபார்ட்டி இயர்ஸ்." மூன்றாவது, ஒன்றன்பின் ஒன்று: "வென் இட் ரெய்ன்ட், வி ரேன் இன்டு எ ஷாப்." நான்காவது, நிலை, கூடவே டிட்: "ஐ டிட் நாட் நோ இங்கிலிஷ் தென்." ஐந்தாவதில் '-ம்போது' வந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள்: "வைல் வி வெர் கோயிங் டு தி ஹாஸ்பிட்டல், வி ஹேட் எ பஞ்சர்." ஆறாவதில் "ஐ ரெட் தட் புக் லாஸ்ட் நைட்" என்று எழுதியிருந்தால் கேட்பவர் புத்தகம் முழுதும் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வார். "ஐ வாஸ் ரீடிங் தட் புக் லாஸ்ட் நைட், பட் ஐ டிட் நாட் ஃபினிஷ் இட்" என்பதே சரி.